மொச்சை, தட்டப்பயறு, பீன்ஸ்: கலோரி எவ்வளவு, சத்து எவ்வளவு? ஆப்ல ஒவ்வொண்ணும் ஒரு கணக்கு காட்டுது

தேவகோட்டை மருமக:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமியாருக்கு சுகர் இருக்கு, வயசு 68. இந்தத் தடவை செக்கப்ல மூணு மாச சராசரி 8.4ன்னு வந்ததும் டாக்டர், சோத்தைக் குறைச்சுட்டு பயறு, மொச்சை, பீன்ஸ் இதெல்லாம் சேத்துக்கங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. எவ்வளவு சேக்குறதுன்னு கேக்குறதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்ட்டாச்சு. வீட்டுக்கு வந்து கலோரி ஆப்ல பீன்ஸ்னு போட்டுப் பாத்தா ஒரு இடத்துல 100 கிராமுக்கு 31ங்குது, இன்னொரு இடத்துல 127ங்குது, இன்னும் கீழ போனா 333ங்குது. இதுல எதை எடுத்துக்குறது? மொச்சைன்னு போட்டா ஒண்ணுமே வரல. எங்க வீட்ல மொச்சைக் குழம்பு, தட்டப்பயறு குழம்பு, பீன்ஸ் துவட்டல் எல்லாம் எப்பவும் உள்ளதுதான். இதை வச்சே அவங்க சாப்பாட்டைச் சரி பண்ணிடலாமா இல்ல ஓட்ஸ் அது இதுன்னு போகணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

செக்காலை பலசரக்கு:
ஓட்ஸுக்கெல்லாம் போகாதீங்க தங்கச்சி. நம்ம பயறுல இல்லாத சத்தா. டயட் படிச்சவங்க யாராச்சும் வந்து விவரமா சொல்லுவாங்க, இருங்க.

கோட்டையூர் டயட்டீஷியன்:
நான் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா இருக்கேன், ஊரு கோட்டையூர்.

நீங்க பாத்த மூணு நம்பரும் சரிதான்மா. 31ங்குறது துவட்டலுக்கு நறுக்குற பச்சை பீன்ஸ், கொடைக்கானல்ல இருந்து வருதே அந்தக் காய், அதுல 90 சதவீதம் தண்ணி. 333ங்குறது காஞ்ச ராஜ்மா, மூட்டையில இருந்து அள்ளி அப்படியே எடை போட்டது. 127 அதே ராஜ்மாவை ஊறப்போட்டு வேகவச்ச பெறகு உள்ள கணக்கு. காஞ்ச பயறு 100 கிராம் ஊறி வெந்து வந்தா 250 கிராமுக்கு மேல நிக்கும், கூடுன எடை பூராவும் தண்ணிதான், தண்ணிக்கு கலோரி கிடையாது. அதனால ஆப்ல போடும்போது காஞ்சதா, வெந்ததா, பச்சைக் காயான்னு பாத்துப் போடணும். வெந்த சுண்டலை எடை போட்டுட்டு காஞ்ச கடலைக் கணக்குல ஏத்திட்டு, ஐயோ இவ்வளவு கலோரியான்னு பயந்து நிறுத்துனவங்களை நான் ஓபில நிறைய பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கும்.

மொச்சைக்கு கேட்டீங்க. ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய அட்டவணையில காஞ்ச மொச்சை 100 கிராமுக்கு 347 கலோரி, புரதம் 24.9 கிராம். தட்டப்பயறு 323, புரதம் 24.1. பாசிப்பயறு 334, புரதம் 24. கொள்ளு 321, புரதம் 22. ராஜ்மா 346, புரதம் 22.9. கொண்டைக்கடலைதான் புரதத்துல கொஞ்சம் கம்மி, 17.1, கலோரி 360. அதே நிறுவனம் 2017ல போட்ட புது அட்டவணையில முழுப் பயறுல பலதுக்கும் கலோரி 300 பக்கம்தான் இருக்கும், நார்ச்சத்தை அளக்குற முறை மாறினதால வந்த வித்தியாசம் அது, பயறு மாறல. ஆக மொத்தம் எந்தப் பயறை எடுத்தாலும் காஞ்சதுல ஏறக்குறைய 300ல இருந்து 360க்குள்ள, வெந்ததுல 105ல இருந்து 165க்குள்ள. இதுல தட்டப்பயறா மொச்சையான்னு கலோரிக்காக மண்டையை உடைச்சுக்கவே வேண்டாம்.

பாக்க வேண்டியது வேற. வெள்ளைச் சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி, வெந்த ராஜ்மா 100 கிராம் 127. பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா சோத்துல புரதம் 3 கிராம் கூட இல்ல, ராஜ்மாவுல 8.7. சோத்துல நார் அரை கிராம் கூடத் தேறாது, ராஜ்மாவுல 6 கிராமுக்கு மேல. பயறுல இருக்க மாவு மெதுவாத்தான் செரிக்கும், அதனால சாப்ட்டதும் சுகர் கிடுகிடுன்னு ஏறாது. சாப்ட்டதும் சுகர் எவ்வளவு வேகமா ஏறுதுங்குற அளவை கிளைசெமிக் இண்டெக்ஸ்னு சொல்றாங்களே, அது ராஜ்மா, கொண்டைக்கடலை எல்லாம் 30 பக்கம், வெள்ளை அரிசி நிறைய ரகத்துல 70க்கு மேல. அதனால உங்க மாமியார் தட்டுல ஒரு கரண்டி சோத்தை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு கரண்டி வெந்த பயறை வைக்கணும். எடுத்துட்டுங்குறது முக்கியம், எடுக்காம மேல சேத்தா கலோரி கூடத்தான் செய்யும்.

புதுவயல் வாசகர்:
கொள்ளை விட்டுட்டீங்களே அக்கா. கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? கொள்ளு கொழுப்பைக் கரைச்சுரும், மத்த பயறெல்லாம் உடம்பு போடும்னுதான் எங்க பக்கம் சொல்லுவாங்க. எங்க அப்பச்சி தினம் கொள்ளு ரசம் குடிச்சே எளைச்சாரு.

கோட்டையூர் டயட்டீஷியன்:
தம்பி, கொள்ளு நல்ல பயறுதான், அதுல மறுபேச்சே இல்ல. 100 கிராம்ல கால்சியம் 287 மில்லிகிராம், மத்த பயறுகளைவிட இது தூக்கல், இரும்பும் 6 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. ஆனா கலோரி மத்ததைப் போல 321 தானே, அது உடம்புக்குள்ள போய் கொழுப்பைக் கரைக்குதுன்னு சொல்ல எதுவுமில்ல. உங்க அப்பச்சி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு டம்ளர் சூடா ரசம் குடிச்சிருப்பாரு, வயிறு நெறஞ்சு சோறு தானாக் கொறஞ்சிருக்கும், எளைச்சதுக்கு அதுவே போதுமான காரணம். தொடர்ந்து குடிக்கட்டும். வடிச்ச பயறைக் கீழ கொட்டாம மசியலோ துவையலோ பண்ணச் சொல்லுங்க, புரதமும் நாரும் அதுலதான் தங்கும்.

புதுவயல் வாசகர்:
வடிச்ச கொள்ளு எங்க வீட்ல மாட்டுக்குப் போகுது.

பள்ளத்தூர் ஆச்சி:
மாட்டுக்கு வைக்கிறது நல்லதுதான் அப்பு, அது பாட்டுக்கு இருக்கட்டும், வீட்டு மனுசருக்கும் கொஞ்சம் எடுத்து வச்சுக்கங்க. நாலு வரமிளகாய், பூண்டு, துளி புளி, தேங்காய்ச் சில்லு வச்சு அரைச்சா அன்னைக்குத் துவையல் முடிஞ்சுது.

இப்ப இந்தப் பொண்ணு கேட்ட மொச்சைக் குழம்புக்கு வர்றேன். கலோரி கணக்கு போடுறவுக எல்லாரும் பயறை மட்டும் போடுறீக, சட்டியில போறதை யாரும் போட மாட்டேங்குறீக. நம்ம ஊருல கத்திரிக்காய் மொச்சைக் குழம்பு எப்படி வைப்போம்? நாலு பேருக்குன்னா காஞ்ச மொச்சை 150 கிராம். நல்லெண்ணெய் குழிக்கரண்டியில தாராளமா ஊத்துவோம், மேல மிதந்தாத்தான் குழம்புன்னு பேரு. தேங்காய் அரை மூடி, சோம்பு, கசகசா வச்சு அரைச்சு ஊத்துவோம். இதுக்கு அந்தக் கோட்டையூர் பொண்ணு கணக்கு போட்டுச் சொன்னா எல்லாருக்கும் விளங்கும்.

கோட்டையூர் டயட்டீஷியன்:
ஆச்சி சரியான இடத்துல கை வச்சுட்டாங்க, போட்டுடுறேன்.

காஞ்ச மொச்சை 150 கிராம், 520 கலோரி. நல்லெண்ணெய் டேபிள்ஸ்பூன்ல 5ன்னு வச்சுக்குவோம், ஒரு ஸ்பூன் 120, ஆக 600. தேங்காய் அரை மூடி 100 கிராம்னா 350. கத்திரிக்காய், வெங்காயம், தக்காளி, புளி எல்லாம் சேத்து 100ன்னு வைங்க. மொத்தம் 1570, நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 390 சொச்சம். அதுல மொச்சையோட பங்கு 130தான், மீதி பெரும்பாலும் எண்ணெயும் தேங்காயும். அதே குழம்புல எண்ணெய் 2 ஸ்பூன், தேங்காய் 30 கிராம்னு குறைச்சா மொத்தம் 970 பக்கம் வரும், ஆளுக்கு 240. மொச்சையில ஒரு பருக்கை கூடக் குறைக்கல பாருங்க. அப்படிக் குறைச்ச பெறகு மொச்சையைக் கொஞ்சம் கூட்டிக்கூடப் போட்டுக்கலாம்.

தேவகோட்டை மருமக:
அட, இப்படி யாரும் பிரிச்சுச் சொன்னதே இல்லக்கா. எண்ணெய் மிதக்கலைன்னா எங்க மாமனார் தட்டைத் தள்ளி வச்சுருவாரு, அது ஒண்ணுதான் யோசனையா இருக்கு.

பள்ளத்தூர் ஆச்சி:
மண்டி வைம்மா. அரிசி களைஞ்ச ரெண்டாந்தண்ணியில புளியைக் கரைச்சு, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சமிளகாய் வதக்கி, வெந்த மொச்சையைப் போட்டுக் கொதிக்க விட்டா அந்தக் கழனித்தண்ணியே குழம்பைக் கெட்டியாக்கிரும். தேங்காய் அரைச்சு ஊத்த வேண்டியதில்ல. எண்ணெய் வதக்குற அளவுக்குத்தான். உங்க மாமனார் கையை நக்கிட்டுத்தான் எந்திரிப்பாரு. புளியை மட்டும் மொச்சை மலர வெந்த பெறகுதான் ஊத்தணும், முன்னாடியே ஊத்திட்டா விடிய விடிய எரிச்சாலும் வேகாது.

செக்காலை பலசரக்கு:
ஆச்சி சொல்ற வேகாத விசயத்துல நான் ஒண்ணு சேத்துக்குறேன். கடைக்கு வந்து, அண்ணே போன தடவை கொடுத்த மொச்சை வேகவே இல்லன்னு சத்தம் போடுறவங்க உண்டு. ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு பழைய சரக்கு, வெக்கையில மாசக்கணக்கா மூட்டையில கெடந்தா தோல் இறுகிப் போயிரும், அதைக் குக்கர்ல எத்தனை விசில் விட்டாலும் நடுவுல கடுக்குன்னு இருக்கும். தை மாசிக்கு வர்ற புதுசை வாங்கி நல்லாக் காயவச்சு வச்சுக்குறது உத்தமம். இன்னொண்ணு தண்ணி. இப்ப எல்லா வீட்லயும் போர் தண்ணி, அதுல சுண்ணாம்புச் சத்து அதிகம், அது பயறோட தோலை இறுக்கிப் பிடிச்சுக்கும். முந்தி எல்லாம் வளவுல விழுகுற மழைத்தண்ணியைப் பிடிச்சு வைப்பாங்க, இல்ல ஊருணித் தண்ணி, அதுல பருப்பு பூவா மலரும். எங்க வீட்ல இன்னைக்கும் பயறு வேகவைக்க மட்டும் மழைத்தண்ணி தனியா இருக்கும்.

இதுக்குப் பயந்துக்கிட்டு சில பேர் சோடா மாவு போடுறாங்க, சில கடைச் சுண்டல்ல கையில எடுத்ததும் மாவா மசியுதே அதெல்லாம் அந்த வேலைதான். அது சத்துக்கு நல்லதா அக்கா?

கோட்டையூர் டயட்டீஷியன்:
நல்லதில்லண்ணே. சோடா மாவு போட்டா பயறுல இருக்க பி1 வைட்டமின் அழிஞ்சு போயிரும், சோடியமும் ஏறும், பிரஷர் உள்ளவங்களுக்கு அது வேற தொந்தரவு. அதுக்குப் பதிலா ஊறப்போடுற தண்ணியில கல்லுப்பு கொஞ்சம் போட்டு ராத்திரி பூரா ஊறவச்சு, காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அலசிட்டு வேற தண்ணியில வேகவச்சாலே தோல் நல்லா இளகும். உப்பு போட்டா பயறு வேகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, ஊறவைக்கிற தண்ணியில போடுற உப்புக்கு அது பொருந்தாது.

காரைக்குடி பையன் சிங்கப்பூர்:
அக்கா எனக்கு ரெண்டு டவுட். நான் ஜிம் போறேன், வீட்ல சைவம், முட்டை கூடக் கிடையாது. ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு புரோட்டீன் வேணும், பயறுலயே அது வந்துருமா? அப்புறம் இங்க கடையில முளைகட்டுன பயறு பாக்கெட்ல கிடைக்குது, ஆப்ல அதுக்கு 100 கிராமுக்கு 30 கலோரின்னுதான் போட்டிருக்கு, புரோட்டீனும் 3 கிராம்தான். ஊர்ல அம்மா முளைகட்டுறதை ரொம்ப சத்துன்னு சொல்லுவாங்க, இது என்ன ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு? டின்ல வர்ற ராஜ்மா சாப்பிடலாமா?

கோட்டையூர் டயட்டீஷியன்:
பாக்கெட்ல கிடைக்குறது சீனச் சமையலுக்குப் போடுற நீட்டு வால் முளை தம்பி, வெள்ளையா விரல் நீளத்துக்கு இருக்கும், அதுல 90 சதவீதம் தண்ணி. அம்மா துணியில கட்டி வச்சு அரை இஞ்ச் வால் விட்டதும் எடுக்குறாங்களே, அது அந்த அளவுக்குத் தண்ணி ஏறாதது, அதனால ஒரே எடைக்கு கலோரியும் புரதமும் அதுல பல மடங்கு இருக்கும். ஆப்ல இருக்க 30ஐ அதுக்குப் போட்டா கணக்கு தப்பிரும். முளைகட்டுறதால புரதம் ஒண்ணும் புதுசா உண்டாகிறதில்ல, ஆனா காஞ்ச பயறுல அநேகமா இல்லாத வைட்டமின் சி வந்து சேரும், இரும்பைப் பிடிச்சு வச்சிருக்க பைட்டேட் குறையும். அது பெரிய லாபம்.

புரதம் சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பளு தூக்குறவங்களுக்கு இதைவிடக் கூட வேணும். பயறு மட்டுமே வச்சு அத்தனையும் எடுக்கணும்னு நினைக்காதீங்க, பால், தயிர், நிலக்கடலை எல்லாம் சேரணும். பயறுல லைசின்ங்குற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் கம்மி. அரிசியில நேர் எதிரா இருக்கும். இட்லியில உளுந்தும் அரிசியும், பொங்கல்ல பாசிப்பருப்பும் அரிசியும் சேருறப்ப ஒண்ணோட குறையை இன்னொண்ணு நிரப்பிரும். ஒரே வேளையில சேரணும்னு கூட அவசியமில்ல, அன்னைக்குள்ள சேந்தாப் போதும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, எந்தப் பயறுலயும் பி12 கிடையாது. பாலும் குடிக்காத சுத்த சைவம்னா அதுக்கு மாத்திரைதான்.

டின் ராஜ்மா சாப்பிடலாம், வெந்ததுதான் அது. உப்புத் தண்ணியை வடிச்சுட்டு குழாய்ல அலசிட்டா சோடியம் நல்லாக் குறையும். ஆனா காஞ்ச ராஜ்மா வாங்குனா ரொம்பக் கவனம். வேகாத ராஜ்மாவுல லெக்டின்னு ஒரு விஷப் புரதம் இருக்கு, நாலஞ்சு கொட்டை வேகாமச் சாப்ட்டாலே மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி, வயித்தால போகும். குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, தளதளன்னு நல்லாக் கொதிக்கவிட்டு அரை மணி நேரமாச்சும் வேகவைக்கணும். குக்கர்னா பிரச்சினை இல்ல. சில பேர் மெல்லச் சூடேத்துற ஸ்லோ குக்கர்ல போட்டு வச்சுட்டு வேலைக்குப் போயிருவாங்க, 80 டிகிரி சூட்டுல அந்த விஷம் போகாது, பச்சையைவிடக் கூடவே ஆகும்னு அமெரிக்க உணவுத் துறையே எச்சரிச்சிருக்கு. நம்ம மொச்சையையும் பச்சையா மெல்லக் கூடாது, அதுல சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு, ஊறவச்ச தண்ணியையும் முதல் கொதித் தண்ணியையும் கொட்டிட்டா கவலையில்ல.

கண்டனூர் அக்கா:
எனக்குப் பயறுன்னா உசுரு, ஆனா சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல வயிறு உப்பி உக்காரவே முடியாது. இதுக்காகவே விட்டுட்டேன். என்ன பண்றது?

கோட்டையூர் டயட்டீஷியன்:
பயறுல ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சில சர்க்கரை இருக்கு, அதை உடைக்குற நொதி மனுசன் குடல்ல கிடையாது, அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்க உள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைக்குறப்ப வாயு உண்டாகுது. ஊறின தண்ணியைக் கொட்டுனா இதுல ஒரு பங்கு அதோடயே போயிரும். ஒரேயடியா ஒரு கிண்ணம் சாப்பிடாம ரெண்டு மூணு ஸ்பூன்ல ஆரம்பிச்சு வாரா வாரம் கூட்டிட்டுப் போங்க, குடல் பழகிக்கும். தோல் உரிச்ச பாசிப்பருப்புல இருந்து தொடங்குங்க, அது லேசு. கொண்டைக்கடலை, மொச்சையைக் கடைசியா வச்சுக்கங்க. விட்டுராதீங்க அக்கா, அந்த பாக்டீரியாவுக்கு இரை கிடைக்குறது குடலுக்கு நல்லதுதான்.

பள்ளத்தூர் ஆச்சி:
பெருங்காயமும் பூண்டும் இஞ்சியும் இல்லாம நம்ம வீட்ல பயறு இறக்குறதே இல்லையே. ராத்திரி வேளையில மொச்சை வேண்டாம், மத்தியானத்துக்கு வச்சுக்க ஆத்தா.

தேவகோட்டை மருமக:
ஆடி மாசம் கும்மாயம் கிண்டுவோம், உளுந்து, பாசிப்பருப்புதானே, சத்துதானேன்னு மாமியார் கேக்குறாங்க. கொடுக்கலாமா?

கோட்டையூர் டயட்டீஷியன்:
மாவு சத்துதான், கூடப் போற கருப்பட்டியும் நெய்யும்தான் யோசிக்க வைக்குது. கருப்பட்டி, வெல்லம், சீனி எதுவா இருந்தாலும் 100 கிராமுக்கு 350க்கு மேல, கருப்பட்டின்னா சுகர் ஏறாதுங்குறது உண்மையில்ல. நெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு வாய் ஆசைக்குச் சாப்பிடட்டும், அதைத் தடுக்க வேண்டாம், அன்னைக்கு சாப்பாட்டுல சோத்தை இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கங்க. சாயந்தரப் பசிக்குத் தினமும் சுண்டல் வைங்க. வெந்த கொண்டைக்கடலை ஒரு கப் 164 கிராம், 269 கலோரி, அவங்களுக்கு அரை கப் போதும், அதுலயே 7 கிராம் புரதமும் 6 கிராம் நாரும் வந்துரும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுங்க, பயறுல உள்ள இரும்பு உடம்புல சேர அது உதவும். சுண்டலோட சேத்து டீ, காப்பி கொடுக்காதீங்க, ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்க.

மொத்த அளவு கேட்டீங்கல்ல, 2024ல வந்த தேசிய உணவு வழிகாட்டியில 2000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு பயறு போட்டிருக்காங்க, முட்டை கறி சாப்பிடுறவங்களுக்கு அதையும் இதுக்குள்ளயே சேத்து. இது காஞ்ச எடை. உங்க மாமியாருக்கு சாம்பார்ப் பருப்பையும் சேத்து 60 கிராம்ல ஆரம்பிக்கலாம். பீன்ஸ் துவட்டலை இதுல சேக்காதீங்க, அது காய்க் கணக்கு. தண்ணியை வடிக்காம, மூடி போட்டு ஆவியிலயே வேகவச்சா வைட்டமின் சியும் ஃபோலேட்டும் மிஞ்சும்.

செக்காலை பலசரக்கு:
எங்க அண்ணனுக்கு கிட்னி சரியில்ல, ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் 2.1, அவரும் இதேபோல சாப்பிடலாமா?

கோட்டையூர் டயட்டீஷியன்:
வேண்டாம்ணே, அவரு தனியா ஒரு டயட்டீஷியனைப் பாத்துட்டுத்தான் மாத்தணும். வெந்த ராஜ்மா 100 கிராம்ல பொட்டாசியமே 400 மில்லிகிராம் இருக்கு, பாஸ்பரஸும் உண்டு, புரதத்தையும் அவருக்கு அளந்துதான் கொடுப்பாங்க. பொட்டாசியம் ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் அளவு சொல்ல முடியும்.

மருமகளே, உங்களுக்கும் ஒண்ணு. மாமியார் என்ன மாத்திரை போடுறாங்க? இன்சுலின் இல்ல கிளிமெபிரைடு மாதிரி மாத்திரைன்னா, சோத்தைத் திடீர்னு பாதியாக்கிட்டு அதே டோஸைப் போட்டா சுகர் இறங்கி வேர்த்து, கை நடுங்கி, மயக்கம் வந்துரும்.

தேவகோட்டை மருமக:
கிளிமெபிரைடு இருக்குக்கா, காலையில ஒண்ணு, கூட மெட்ஃபார்மின் ரெண்டு வேளை.

கோட்டையூர் டயட்டீஷியன்:
அப்ப முதல் வாரம் ஒரு கரண்டி சோறு மட்டும் குறைச்சு அந்த இடத்துல பயறு வைங்க, அதுக்கு மேல வேண்டாம். வெறும் வயித்துலயும் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் குளுக்கோமீட்டர்ல பாத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. 100க்குக் கீழ இறங்க ஆரம்பிச்சா அந்த நோட்டை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட டோஸைக் குறைக்கலாமான்னு கேளுங்க, நீங்களா மாத்திரையை நிறுத்திராதீங்க. 70க்குக் கீழ போயிட்டா உடனே மூணு ஸ்பூன் சீனி தண்ணியில கரைச்சுக் கொடுத்துட்டு கால் மணி நேரத்துல திரும்பப் பாருங்க. மண்டி வச்சுட்டு எப்படி வந்துச்சுன்னு ஆச்சிக்கும் இங்க எழுதுங்க.